பாடம் 7: தலைக்காயம் உள்ளவரைப் பராமரிப்பவருக்கும் துணை வேண்டும்

சொந்த வளவுக்குத் திரும்பும்போது வீடு, கிணறு, வேலி, காணி உறுதி என்று பல யோசனைகள் இருக்கும். ஷெல் வீச்சிலோ துப்பாக்கிச் சூட்டிலோ கண்ணிவெடியிலோ தலையில் காயப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்னொரு யோசனையும் சேர்ந்துகொள்ளும். முகாமில் கூப்பிட்டால் பக்கத்துக் கொட்டிலில் இருந்து ஆள் வரும். இங்கே அயல் வீடு தூரத்தில் இருக்கலாம்.

அவரைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மனைவி, தாய் அல்லது மூத்த மகள். இந்தப் பாடம் அவருக்காகவும் அவரோடு வாழும் மற்றவர்களுக்காகவும் எழுதப்பட்டது. காயப்பட்டவர் ஆயுதம் ஏந்தியவரா, பொதுமகனா என்பது இங்கே கேள்வி அல்ல. காயமும் ஒன்றுதான், பராமரிப்பவரின் களைப்பும் ஒன்றுதான்.

1. வெளியே தெரியாத காயம்

தலையின் வெளிக்காயம் ஆறிவிடும். மூளையில் பட்ட காயம் வேறு விதமாக வெளிப்படும். சொன்னதை மறப்பார். தலையிடி, நித்திரைக் குறைவு இருக்கும். சத்தம் கேட்டால் எரிச்சல் வரும். சின்னக் காரியத்துக்கும் கோபம் வரும். தானாக ஒரு வேலையைத் தொடங்காமல் இருப்பார். இதைச் சோம்பல் என்றோ, வேண்டுமென்று செய்கிறார் என்றோ நினைக்க வேண்டாம். தொடங்குவதும் கோபத்தை அடக்குவதும் மூளை செய்யும் வேலைகள். அந்தப் பகுதி காயப்பட்டால் மனம் இருந்தும் முடியாமல் போகும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். "வளவைத் துப்புரவாக்குங்கோ" என்பதை விட, "இந்த வாளியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோங்கோ" என்பது அவருக்கு விளங்கும். எழும்பும் நேரம், சாப்பாடு, மருந்து, ஓய்வு எல்லாம் தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கட்டும். இடம் மாறிய முதல் வாரங்களில் குழப்பம் கூடலாம். பழைய பாய், பழைய கோப்பை போன்ற பழகிய பொருட்களை அவர் பக்கத்தில் வையுங்கள்.

2. புறப்படுமுன் வைத்தியசாலையில் கேட்க வேண்டியவை

• கிளினிக் கொப்பியும் காயத்தின் விபரம் எழுதிய துண்டும் கையில் இருக்கட்டும். மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் வையுங்கள்.
• புதிய இடத்துக்குக் கிட்டிய கிளினிக் எது என்று கேட்டு, மாற்றுக் கடிதம் வாங்குங்கள். அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் போதுமான மருந்தும் கேளுங்கள்.
• வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பக்கூடும்.
• தலைக்குள் இன்னும் சன்னம் இருந்தால், எந்த ஸ்கானுக்கும் முன்னர் அதைச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பலமான காந்தம். இரும்புத் துண்டை அது அசைக்கக்கூடும்.

3. வலிப்பு வந்தால்

பக்கத்தில் உள்ள கல், விறகு, கூரான பொருட்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே துணி வையுங்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ துணியோ தண்ணீரோ வைக்க வேண்டாம். கையில் திறப்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது. நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். தலையிடி நாளுக்கு நாள் கூடினாலும், வாந்தியோடு தூங்கி விழுந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

4. வளவில் பாதுகாப்பு

• கட்டில்லாத கிணற்றுக்கு வேலி போடுங்கள். தனியாகக் குளிக்கவோ, மீன்பிடிக்கப் போகவோ விட வேண்டாம்.
• அடுப்படியில் தனியாக விட வேண்டாம். வலிப்பு உள்ளவர் மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது. மரம் ஏறக்கூடாது.
• கண்ணிவெடி அபாயக் குறியை அவர் மறந்துவிடலாம். துப்புரவு செய்யாத காணிப்பக்கம் போகாதபடி கூடப்போங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.
• கள்ளும் கசிப்பும் வலிப்பையும் கோபத்தையும் கூட்டும். வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

5. கோபம் எல்லை மீறினால்

எதிர்த்துக் கதைக்காமல் சத்தத்தைக் குறையுங்கள். பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். கத்தி, கோடரி கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். எந்த வீட்டுக்குப் போவது என்று முன்பே ஓர் அயலவரோடு பேசி வையுங்கள். காயம்தான் காரணம் என்றாலும் அடி வாங்கிக்கொண்டிருப்பது பராமரிப்பு அல்ல. அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். மருந்தை மாற்றினால் குறையலாம். அதைச் சொல்வது அவரைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

6. பராமரிப்பவரே, உங்களுக்காக

நித்திரை வராமை, காரணமின்றி அழுகை, சாப்பாட்டில் விருப்பமின்மை, "நான் செத்தால் நல்லது" என்ற எண்ணம் ஆகியவை உங்கள் பலவீனம் அல்ல. நீண்ட நாள் தனியாகச் சுமந்ததன் அடையாளம். உயிரோடு இருக்கும் கணவரைப் பார்த்தே, முன்பிருந்த கணவரை நினைத்து அழலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வைத்தியசாலை மனநலப் பிரிவில் கதைக்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

வேலையைப் பங்கிடுங்கள். மாமா கிளினிக்குக் கூட்டிப்போகலாம். அயலவர் ஒரு மணித்தியாலம் கூட இருக்கலாம். அந்த நேரத்தில் நீங்கள் நித்திரை கொள்ளுங்கள். மகளின் படிப்பை நிறுத்தி அவளைப் பராமரிப்பில் இருத்த வேண்டாம்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. மாற்றுத்திறனாளி உதவிப்பணம், உபகரணங்கள் பற்றிப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் வைத்தியச் சான்றும் எடுத்துச் செல்லுங்கள். நடமாட்டம் இருக்கிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால், மறதி, வலிப்பு பற்றி வைத்தியர் எழுதியதைக் காட்டுங்கள்.

குடும்பமாக இருந்து கதையுங்கள்

1. அடுத்த கிளினிக் நாள் எப்போது? யார் கூடப்போவார்?
2. இரவில் வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவோம்?
3. இந்தக் கிழமை அம்மா எந்த நேரம் ஓய்வெடுப்பார்?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாமல் எழும்ப வேண்டாம். அவர் விழுந்தால் வீட்டில் இரண்டு பேரைப் பார்க்க வேண்டிவரும்.