உலர்கிளை விற்பனை: அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் கதிரும் கிளையும் அடுப்புக்கும் எருக்குழிக்கும் உரியவை என்றே நாம் எண்ணி வந்துள்ளோம். நகர மக்களோ அவற்றை விலை கொடுத்து வாங்கிச் சாடியில் வைத்து வீட்டை அலங்கரிக்கின்றனர். உலர்ந்த மலர்களையும் காய்களையும் பக்குவப்படுத்தி அயல்நாடுகளுக்கு அனுப்பும் தொழில் தூத்துக்குடியில் நெடுங்காலமாக நடைபெறுகிறது. இன்று இணையத்தின் வாயிலாக வாங்குவோர் வீட்டுக்கே நேரில் விற்கவும் வழியுண்டு. சேத்தியாத்தோப்பு வட்டார அங்கத்தினர்கள் இதில் இறங்குமுன் அறிய வேண்டியவற்றை ஆராய்வோம்.

1. சரக்கு

வெடித்த காயுடன் கூடிய பருத்திக் கிளை, கம்பங்கதிர், நெற்கதிர், தாமரைப் பொகுட்டு ஆகியவை ஏற்றவை. சொந்த நிலத்தில் விளைந்ததையே சேர்க்க வேண்டும். காப்புக்காட்டில் முறித்த கிளையைச் சங்கம் ஏற்கலாகாது.

2. பக்குவம்

பனி உலர்ந்த பின் அறுத்து, சிறு கட்டுகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் நிறம் வெளுக்கும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. காம்பு வளையாமல் ஒடிந்தால் அது நன்கு உலர்ந்ததாகும். பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எஞ்சிய காய்களில் தங்கி அடுத்த பயிரையும் தாக்கும். எனவே துளையுள்ள காயை உடனே அழிக்க வேண்டும். தேர்ந்தெடுத்தது போக மீதியை வரப்பில் குவித்து வைக்கலாகாது.

3. அனுப்பும் கூலி

கிளை எடை குறைந்தது. ஆனால் இடம் அடைப்பது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்துக் கிடைக்கும் எடைக்கே கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் கூலி வாங்குகின்றன. 100×20×20 அளவுள்ள பெட்டியில் ஒன்றரைக் கிலோ சரக்கே இருப்பினும், கூலி 8 கிலோவுக்கு! கிளையை நறுக்கி 60×20×15 பெட்டியில் அடக்கினால் 3.6 கிலோவுக்குத் தந்தால் போதும்.

4. கணக்கு

உதாரணமாக ஒரு கட்டின் விலை ரூ. 600 எனக் கொள்வோம். கமிஷன் ரூ. 90, பெட்டி ரூ. 40, கூலி ரூ. 220 போக ரூ. 250 மிஞ்சும். பத்துக் கட்டில் ஒன்று உடைந்து திரும்பினால் அதன் பெட்டிச் செலவும், போக வர இருமுறைக் கூலியும் சேர்ந்து ரூ. 480 நஷ்டம். ஒன்பது கட்டின் மிச்சம் ரூ. 2,250இல் இதைக் கழித்தால் ரூ. 1,770, அதாவது கட்டுக்கு ரூ. 177தான். அறுக்கும் கூலியும் உலர்த்தும் கூலியும் இதிலிருந்தே வரவேண்டும். குறையுள்ள சரக்கையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத சரக்கையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் கூறுகின்றன.

5. சங்கத்தின் கடமை

தனியொருவர் அனுப்பிய புழு விழுந்த கட்டு ஒன்று, சங்கம் முழுவதன் நாணயத்தையும் கெடுத்துவிடும். எனவே தரம் பிரித்தல், பெட்டியிடல், கணக்கெழுதல் மூன்றும் சங்கத்தின் பொறுப்பிலேயே நடைபெற வேண்டும். எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைத் தம்மிடையே கொண்ட வட்டாரத்தினருக்கு இது புதிய பாடமன்று. வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின் தாவர நலச் சான்றிதழ் பெறுதல் வேண்டும்.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்:

அ. நமது ஊரில் எந்தக் கிளை எத்தனை கட்டு கிடைக்கும்?
ஆ. மழைக்காலத்தில் உலர்த்த இடம் எங்கே?
இ. உடைந்து திரும்பும் சரக்கின் நஷ்டத்தை யார், எவ்விகிதத்தில் ஏற்பது?

மூன்றாம் வினாவுக்குத் தீர்மானம் நிறைவேறிய பின்னரே முதற் கட்டை அறுப்பது நலம்.