ஹெவி லைசென்ஸுக்குப் படிக்கும் கீரனூர்த் தம்பிகளுக்கு

திருச்சி–புதுக்கோட்டை சாலையில், கீரனூர் கடைத்தெரு ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஜல்லி டிப்பர், எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ், வைக்கோல் ஏற்றிய ஆறு சக்கர வண்டி என்று வரிசையாகப் போகும். இவற்றில் ஏதோ ஒன்றில் கிளீனராக ஏறி, நாலு வருஷம் டயர் தட்டி, ரிவர்ஸுக்கு "வரலாம், வரலாம்" சொல்லிப் பழகி, கடைசியில் ஸ்டீயரிங் பிடிக்க ஆசைப்படும் பையன்கள் நம் குளத்தூர் வட்டத்தில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஓட்டும் கை அவர்களுக்கு வந்துவிடுகிறது. சட்டம் தெரிவதில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சாலை விதி, சின்னங்கள் பற்றிய கம்ப்யூட்டர் தேர்வு முதன்முதலாக எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் எடுக்கும்போது மட்டும்தான். நடப்பில் உள்ள லைசென்ஸ் கையில் இருப்பவருக்கு மத்திய மோட்டார் வாகன விதி 11 அந்தத் தேர்விலிருந்து விலக்குக் கொடுத்துவிடுகிறது. அதாவது 18 வயதில் பைக்குக்காகப் பதில் சொன்னீர்களே, லாரிக்கும் அதுதான் தேர்வு. பிறகு 28 டன் வண்டியில் உட்காரும்போது அதே கேள்விகளை உங்களிடம் யாரும் மறுபடி கேட்கப்போவதில்லை. இது சட்டத்தில் உள்ள ஓட்டை என்றே நினைக்கிறேன். அதை அடைக்கும் பொறுப்பு ஓட்டுகிறவரிடம்தான் வந்து நிற்கிறது.

செய்ய வேண்டியவை

வயதையும் வரிசையையும் முதலில் பாருங்கள். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் கார், அதாவது இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். பைக் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு நேராக ஹெவிக்குப் போக முடியாது. எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019-இல் எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் கூச்சப்படாமல் விண்ணப்பிக்கலாம்.

முதல் எல்.எல்.ஆர். தேர்வைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. கேள்வியின் தமிழ் சில இடங்களில் முரடாக இருக்கும். அதனால் கடைசிச் சொல் வரை படித்துவிட்டுப் பதிலைத் தொடுங்கள். 'செய்யலாம்', 'செய்யக்கூடாது' என்ற ஒரு சொல்லில் பதிலே தலைகீழாகிவிடும். நூற்றுக்கு அறுபது சரியாக இருந்தால் தேர்ச்சி.

சின்னங்களை வடிவத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். சிவப்பு வட்டம் உத்தரவு. சிவப்பு முக்கோணம் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல். எண்கோணத்தில் இருப்பது 'நில்', தலைகீழ் முக்கோணம் 'வழி விடு'. இரவில், மழையில், எழுத்து மங்கிய பலகையிலும் வடிவம் மட்டும் தெரியும் என்பதற்காகத்தான் இவை இரண்டுக்கும் தனி வடிவம்.

ஒவ்வொரு விதியையும் காரணத்தோடு படியுங்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மலைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் யாருக்கு முதல் வழி? ஏறி வருகிற வண்டிக்கு. லோடோடு ஏற்றத்தில் நிறுத்திய லாரியை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு, அது ஒரு அடி பின்னால் உருண்டால் என்ன ஆகும் என்பது கிளீனராக இருந்தவனுக்குத் தெரியும். காரணம் தெரிந்துவிட்டால் பதில் மறக்காது. ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதும் அப்படித்தான். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டி வெளியேறினால்தானே புதிதாக வருகிறவருக்கு இடம் கிடைக்கும்? மஞ்சள் விளக்கு விழுந்தால் வேகம் கூட்டுவது நம் சாலைகளில் பழக்கமாகிவிட்டது. மஞ்சளின் பொருள் நிற்கத் தயாராகு என்பதுதான். லோடு லாரி பிரேக் பிடித்து நிற்கக் காரைவிட அதிகத் தூரம் வேண்டும், அதனால் லாரிக்காரர் சிக்னலைத் தொலைவிலேயே பார்த்துக் காலைத் தளர்த்த வேண்டும்.

ஆளில்லா ரயில்வே கேட் கேள்வி கட்டாயம் படிக்க வேண்டிய ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு இதில் கிளீனருக்கே வேலை கொடுத்திருக்கிறது. வண்டியை நிறுத்த வேண்டும். கிளீனர் இறங்கி நடந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்து, ரயிலோ டிராலியோ வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு வண்டியைக் கடத்திவிட வேண்டும். கூட ஆள் இல்லையென்றால் டிரைவரே இறங்க வேண்டும். அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள். ஆனால் விதி அப்படியே இருக்கிறது, தேர்வுப் பாடத்திலும் இருக்கிறது.

விபத்து நடந்தால் டிரைவரின் கடமை என்ன? அதைச் சொல்வது அதே சட்டத்தின் 134-வது பிரிவு. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். போலீஸ்காரர் கேட்கும் விவரத்தைக் கொடுக்க வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். 'அங்கே நின்றால் கூட்டம் அடித்துவிடுமே' என்று நம் டிரைவர்கள் கேட்பது நியாயமான பயம். சட்டம் எழுதியவர்களுக்கும் அது தெரியும். கூட்டத்தின் ஆத்திரத்தால் உதவ முடியாமல் போனால் அதற்கு அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அப்படி அங்கிருந்து நகர நேர்ந்தாலும் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். 2024 ஜனவரியில் லாரிக்காரர்கள் நாடெங்கும் போராடியது, விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்துத்தான். அந்த ஆண்டு ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றச் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். 134-வது பிரிவை யாரும் நிறுத்திவைக்கவில்லை.

கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஹெவிக்குப் படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும். கையெழுத்துக்காக மட்டும் டாக்டரிடம் போகாதீர்கள், நிறம் சரியாகத் தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரைவிங் ஸ்கூலுக்கு எல்லா நாளும் போங்கள். சரக்கு வண்டிப் பயிற்சிக்கு விதிப்படி குறைந்தது 30 நாள், அதில் 15 மணி நேரம் கையில் வண்டி. படிவம் 5 சான்று அதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது. இன்னும் நன்றாகக் கற்க நினைத்தால் கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக வாகனப் பயிற்சி நடத்துகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையமும் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

செல்போனில் வரும் 'நூறு கேள்வி நூறு பதில்' வீடியோவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பதிலின் வரிசை மாறினாலே கை நடுங்கிவிடும். விண்ணப்பத்தோடு போர்ட்டலில் வருகிற சாலைப் பாதுகாப்புப் பாடத்தையும் ஓடவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள்.

உங்களுக்குப் பதிலாக இன்னொருவரைப் பதில் அமுக்க விடாதீர்கள். "நான் பாத்துக்கிறேன் தம்பி, நீ சும்மா உக்காரு" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். முன்னே சொன்னேனே, அதற்குப் பிறகு விதித் தேர்வே இல்லை. அன்றைக்குத் தெரியாமல் விட்டது கடைசி வரைக்கும் தெரியாமலே போகும்.

எல்.எல்.ஆர். கைக்கு வந்துவிட்டதென்று தனியாக லோடு அடிக்கப் போகாதீர்கள். அது ஆறு மாதம் செல்லும் பழகுநர் உரிமம், அவ்வளவுதான். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' வேண்டும். 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டும் தேர்வுக்குப் போகலாம்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 நவம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸோடு ஓட்டலாம், தனியாக அனுமதி எழுதி வாங்கத் தேவையில்லை. குட்டி யானை ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அது காலி வண்டியின் எடை அல்ல, லோடோடு சேர்ந்த மொத்த எடை. ஆர்.சி. புத்தகத்தில் அந்த எண்ணைப் பார்க்காமல் யாருடைய வண்டியிலும் ஏறாதீர்கள்.

பெட்ரோல், கேஸ், ரசாயன டேங்கருக்கு ஹெவி லைசென்ஸ் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிக் குறிப்பும் வேண்டும்.

ராத்திரி முழுக்க லோடு இறக்கிவிட்டுக் காலையில் தேர்வுக்கு வராதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே, நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்தது. இதைக் கேட்டு வாங்கத் தெரிந்த டிரைவர்கள் நம் பக்கம் குறைவு.

ஓட்டும் தேர்வில் தோற்றால் மனம் தளர்ந்துவிடாதீர்கள். 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தோற்றால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக லாரி முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் பற்றாக்குறை உண்மைதான். அதற்காக லைசென்ஸ் இல்லாத கிளீனர் பையனிடம் "புதுக்கோட்டை வரைக்கும்தானே, எடுத்துட்டுப் போ" என்று சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-வது பிரிவில் உங்களுக்கு 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த இழப்பீட்டை உங்களிடமே திருப்பிக் கேட்கும். அதைவிட, அந்தப் பையன் படித்துத் தேர்வு எழுத ஒரு மாதம் விடுப்புக் கொடுங்கள். சம்பளத்தோடு கொடுங்கள்.