மின்சாரக் காருக்கு மானியம் வருமா? வரி எவ்வளவு?



மகன் வாடகைக்கு ஓட்ட மின்சாரக் கார் வாங்கணும்னு ஒரு அக்கா கூட்டமைப்பில் கடன் கேட்டாங்க. “மத்திய அரசு மானியம் வருமாம், வந்ததும் கடன்ல பாதிய கட்டிடுவோம்” என்றார்கள். வராவிட்டால் தவணைச் சுமை எல்லார் தலையிலும் விழும். அதனால் முதலில் விசாரித்தோம்.

காருக்கு இப்போது மத்திய அரசு மானியம் இல்லை. 2019 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் வாடகைக் காருக்கு மட்டும் இருந்தது. அது 31.3.2024-ல் முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கார் சேர்க்கப்படவே இல்லை. இருந்த காலத்திலும் மானியம் நம்ம பாஸ்புக்குக்கு வந்ததில்லை. விலையில் கழித்து பில் போடுவார்கள், கம்பெனி அரசிடம் வாங்கிக்கொள்ளும். “பணம் அப்புறம் கணக்குல ஏறும்”னு யாராவது சொன்னா நம்ப வேண்டாம்.

சலுகை இருப்பது ஜி.எஸ்.டி. வரியில். மின்சார வண்டிக்கு 12 சதவீதமாக இருந்த வரி 1.8.2019 முதல் 5 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 10 லட்சம் என்றால் வரி 50,000 ரூபாய். அதே விலையுள்ள சிறிய பெட்ரோல் காருக்கு முன்பு செஸ் சேர்த்து 29 சதவீதம், அதாவது 2,90,000 ரூபாய். 22.9.2025 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்து 1,80,000 ஆகிவிட்டது. 2,40,000 ரூபாயாக இருந்த வித்தியாசம் இன்று 1,30,000 தான். பேட்டரி செலவால் மின்சாரக் காரின் அடிப்படை விலையே பெரும்பாலும் கூடுதல். ஆகவே வரியை மட்டும் பார்க்காமல் இரண்டு வண்டிக்கும் கொட்டேஷன் வாங்கி மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள்.

கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டென்றும் சொல்றாங்க. 1.4.2019 முதல் 31.3.2023 வரை அனுமதியான கடனுக்குத்தான் அது. நம்மில் பலர் வருமான வரியே கட்டுவதில்லை, அது வேறு விஷயம்!

பழைய மின்சாரக் காரை வியாபாரியிடம் வாங்கினால் அவருடைய லாபத் தொகைக்கு 18 சதவீத வரி. ஆளுக்கு ஆள் நேராக விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. ரோடு டாக்ஸ் மாநில அரசு விஷயம், ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த அக்காவின் விண்ணப்பத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. மானியத்தை வரவில் காட்டாமல், மாத ஓட்ட வருமானத்தை மட்டும் வைத்துத் தவணை போட்டு எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் முடிவாகும்.