எஃபிஷியன்சி ஃபார்முலாவும் நம்ம வயசும்

எஃபிஷியன்சின்னா அவுட்புட்டை இன்புட்டால வகுக்கணும். மெஷினுக்கு இது சரி. பிளேஸ்மென்ட் சீசன்ல இதையே நமக்கும் போட்டுப் பார்த்து, "21 வயசாச்சு, ஒண்ணும் சாதிக்கல"ன்னு சோர்ந்துபோறோம்.

ஜான் குட்எனஃப் 1922-ல் பிறந்தவர். லித்தியம்-அயன் பேட்டரிக்கு வழிவகுத்த கோபால்ட் ஆக்சைடு கேத்தோடை, ஆக்ஸ்போர்டில் அவர் குழு 1980-ல் வெளியிட்டபோது அவருக்கு வயது 57. அந்த வகை பேட்டரியை சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-ல். அவருக்கு நோபல் கிடைத்தது 2019-ல், 97 வயதில். நடுவுல 39 வருஷம் நோபல் இல்லை. அதனால அவர் வேலையோட மதிப்பு குறைஞ்சிருந்ததா?

சார்ஜ் ஏறும்போது பேட்டரியோட அவுட்புட் பூஜ்யம். அப்போ அளந்தா எஃபிஷியன்சியும் பூஜ்யம்தான். அதுக்காக யாரும் பேட்டரியைத் தூக்கிப் போடுறதில்லை. ரிடையர் ஆன தாத்தாவோட மதிப்பை இந்த ஃபார்முலால நாம போட்டுப் பார்க்கிறதும் இல்லை. நமக்கும் அது வேண்டாமே.