மலைப்பாதையில் இறங்கும் முன்

சித்தூர் வட்டாரத்திலிருந்தும் அண்டைத் தமிழகத்திலிருந்தும் மோட்டார் சைக்கிளிலேயே திருமலைக்குச் செல்லும் வாடிக்கையாளர்கள் நம்மிடையே பலர். 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கும், 1974-இல் அமைந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. ஏற்றத்தில் உழைப்பது என்ஜின். இறக்கத்தில் சோதனைக்குள்ளாவது சக்கரம், பிரேக், ஃபோர்க் முதலிய சேசிஸ் பாகங்கள். சித்தூர்–பலமநேர் வழியிலுள்ள மொகிலி மலைச்சாலைக்கும் இது பொருந்தும். வீட்டு வாசலில் பலரும் தாமே கழற்றும் டிரம் பிரேக் பின்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம்.

என்ஜினும் சைலன்சரும் ஆறிய பின், சமதரையில் சென்டர் ஸ்டாண்டு இட்டு வண்டியை நிறுத்த வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கல்லை முட்டுக்கொடுப்பது ஊர்வழக்கம். ஆக்சிலை உருவும்போது வண்டி நழுவினால் கைவிரல்கள் அடியில் சிக்கும். கழற்றும் வாஷர்களையும் புஷ்களையும் அதே வரிசையில் ஒரு துணியில் அடுக்கி, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் இராது.

டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே நன்று. ஷூவின் தடிமனைக் கையேட்டில் கண்ட எல்லையோடு ஒப்பிட வேண்டும். எண்ணெய் படிந்த ஷூவைத் தேய்த்து மீண்டும் மாட்டுவது வீண் சிக்கனம். பேரிங்கை விரலால் சுழற்றினால் நெருடல் இருத்தலாகாது. சக்கரம் இல்லாத இவ்வேளையில் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்தால் அதன் புஷ் தேய்ந்துள்ளது என்று பொருள்.

மாட்டும்போது மறக்கக் கூடாதது, பிரேக் தட்டைச் சுழலவிடாமல் ஸ்விங் ஆர்மோடு பிணைக்கும் தண்டு. எங்களில் ஒருவர் அதன் நட்டை ஒருமுறை மறந்தார். முதல் மிதியிலேயே தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, சக்கரம் இறுகி நின்றுவிட்டது. தெருமுனையில் நடைவேகத்தில் நேர்ந்ததால் முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அந்த நட்டில் காட்டர் பின் இருந்தால் ஒவ்வொரு முறையும் புதியதே இட வேண்டும். செயின் இழுவைக்கான குறிகள் இருபுறமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளுக்குச் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. சிபிஎஸ் உள்ள வண்டியில் பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் சேர்ந்து இயங்கும். ஆகவே இரண்டையும் கையேட்டின்படி சரிசெய்ய வேண்டும்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் தடங்கினால் பால்ரேஸ் தேய்ந்திருக்கும். அது பட்டறையின் வேலை. பெரும்பாலும் சேசிஸ் எண் பொறித்திருப்பதும் அந்தக் கழுத்துப் பகுதியிலேயே. பற்றுகளில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள். சட்டகத்தையே மாற்ற நேர்ந்தால் எண்ணும் மாறும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெறுவதோடு காப்பீட்டு நிறுவனத்துக்கும், கடன் நிலுவையிருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சமதளத்தில் மெதுவாக ஓட்டி, இரு பிரேக்குகளையும் தனித்தனியே சோதித்து, நட்டுகளை மறுபடி பாருங்கள். மலையிறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம். கீழ் கியரே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அலிபிரியை அடைந்ததும் டிரம்மைத் தொட வேண்டாம், சுடும். கருகிய வாடை வந்தால் வண்டியை நன்கு ஆறவிட்டு, அடுத்த பயணத்துக்கு முன் ஷூக்களை மீண்டும் திறந்து பார்க்க வேண்டும்.