தனிவழிப் பயணம்: ஒரு முன்கணக்கு

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றத் திட்டமிடுவது எப்படி என்று எழுத இவளுக்கு என்ன தகுதி என்று தோழியரும் தோழரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்றுவரை நான் தனியாகச் சென்ற மிக நீண்ட பயணம், எங்கள் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வரும் 11 கிலோமீட்டர். அதுவும் பேருந்தில். ஆகவே இதைப் பயணக் கட்டுரை என்று எண்ணிவிட வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் சோதனையைத் தொடங்குமுன் நோக்கம், கருவிகள், செய்முறை என்று எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் வாங்குகிறோமே, அதுபோன்ற ஒன்று இது. நான் கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது என் பெற்றோரிடம்.

நூலகத்தில் ஒரு பிற்பகல் அயர்லாந்து நாட்டைப் பற்றிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரு புறமும் கல் அடுக்கிய வேலி, நடுவில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலை, சாலையை மறித்து நிற்கும் ஆடுகள். அந்நாட்டின் மேற்குக் கடற்கரையில் ஏறத்தாழ 2,500 கி.மீ. நீளச் சாலைகளை ஒன்றாக இணைத்து, 2014இல் அதற்கு ஒரு பெயரும் வைத்து, வழிநெடுகப் பலகை நட்டிருக்கிறார்கள். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அதில் தனியாகப் போகிற பெண்களும் உண்டாம். அங்கும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். கிராமத்துக் குறுஞ்சாலைகளில் மணிக்கு 80 கி.மீ. என்றிருந்த வேக எல்லையை 2025 பிப்ரவரியில் 60ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆடு மறிக்கும் சாலைக்கு அதுவே அதிகம் என்று எனக்குப் படுகிறது.

அயர்லாந்துக்குப் போக எனக்கு இப்போது வழியில்லை. ஆனால் அயர்லாந்துக்காரர்கள் நம் கடலூருக்கு வந்திருக்கிறார்கள். 1758இல் பிரெஞ்சுப் படையோடு வந்து புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்த லாலி, அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குக் குடியேறியவரின் மகன். 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலத் தளபதி அயர் கூட், அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் பிறந்தவர். நம்மவர் ஒருவர் அத்திசையில் போன கதையும் உண்டு. ஏ.கே. செட்டியார் 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லும்போதுதான், காந்தியடிகளைப் பற்றித் திரைப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1940இல் படம் வெளிவந்தது. தனியாகப் பயணம் செய்பவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவர்கள் இங்கே வந்து பார்த்த நாட்டுப்புறத்தை நான் பார்த்ததில்லை. கடலூர் மாவட்டத்தில் பிறந்து, இருபது வயதாகியும் பிச்சாவரத்தைக் கண்டதில்லை. வீராணம் ஏரியைப் பாடப்புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். இதை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் எடுத்து, மொபெட்டின் பின்னால் பெட்டி கட்டி, உள்ளூர்க் கிராமங்களில் விற்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மொபெட்தான் என்னைப் படிக்க வைக்கிறது. அதைத்தான் நான் கேட்டேன்.

அப்பா மறுக்கவில்லை. “எங்கெங்க போற, எத்தன மணிக்கு, எவ்வளவு செலவு, எல்லாம் எழுதிக் காட்டு. அப்புறம் பேசலாம்” என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்கள். அது மறுப்பைவிடக் கடினமானது.

முதலில் நாள் குறிக்க வேண்டும். வண்டி ஓடாத நாள் வீட்டில் வருமானமில்லாத நாள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது துறைமுகத்தில் மீன் வரத்து குறைந்து, வண்டி பாதி நாள் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் பருவத் தேர்வுகள். தேர்வு முடிந்தாலும் மே 28 வரை கத்திரி வெயில். எனவே எஞ்சுவது மே 29க்கும் ஜூன் 14க்கும் இடைப்பட்ட பதினேழு நாள்கள். ஆண்டின் 365 நாள்களில் எனக்குப் பொருந்துவது பதினேழு! பயணத்துக்கு நாம் நாள் பார்ப்பதில்லை, மற்றவை எல்லாம் தின்றுவிட்டு மிச்சம் வைக்கும் நாளை எடுத்துக்கொள்கிறோம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது வழி. கடலூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியே சிதம்பரம் ஏறத்தாழ 45 கி.மீ. அங்கிருந்து பிச்சாவரம் போக 15, வர 15. பிறகு குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் 25. வீராணத்தின் கரையை ஒட்டிச் சேத்தியாத்தோப்பு 20. வடலூர் 20. குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் 35. மொத்தம் 175 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. என்று வைத்தால் மூன்றரை லிட்டர். வழி தவறவும் சேர்த்து நான்கு லிட்டர். ஏறத்தாழ 410 ரூபாய்.

இவ்வளவு தொலைவையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். சராசரி வேகம் 30 என்றால் ஆறு மணிக்கும் குறைவான ஓட்டம்தானே! ஜூன் முதல் வாரத்தில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 5-45க்கு, மறைவது 6-30க்கு. இருட்டில் ஓட்டுவதில்லை என்பது முதல் விதி. காலை 11 முதல் பிற்பகல் 3-30 வரை வெயிலில் ஓட்டுவதில்லை என்பது இரண்டாம் விதி. இந்த இரு விதிகளையும் போட்டுப் பார்த்தால், பிச்சாவரம் பார்த்துவிட்டுச் சிதம்பரத்தில் வெயிலுக்கு ஒதுங்கி, 3-30க்குப் புறப்பட்டு, வடலூர் வந்து சேரும்போது மாலை 6-30 ஆகிவிடுகிறது. மீதி 35 கி.மீ. இருட்டு. விதியைத் தளர்த்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆய்வுக்கூடத்தில் வரவேண்டிய விடை வராதபோது அளவைத் திருத்தி எழுதும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டல்லவா? அந்தப் புத்திதான். பிறகு ஒரு நாளை இரண்டாக்கினேன். சிதம்பரத்தில் அத்தை வீடு இருக்கிறது. இரவு அங்கே தங்கல்.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது நம் பாடம். மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். எதிரே ஒரு மாட்டைக் கண்டு பிரேக் பிடிக்க மூளைக்கும் கைக்கும் ஒரு நொடி ஆகும் என்றால், அதற்குள்ளேயே 11 மீட்டர் போய்விடுவோம். பிறகு, நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், வேகத்தின் இருமடியை முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க, மேலும் 12 மீட்டர். ஆக 23 மீட்டர். இதையே 60 கி.மீ. வேகத்துக்குப் போட்டால் 17ம் 28ம் சேர்ந்து 45 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, நிற்கும் தொலைவோ ஏறத்தாழ இரு மடங்கு. இதுவும் நல்ல சாலையில். நம் பக்கத்தில் எள்ளும் கேழ்வரகும் காய்வது சாலையில்தான். தானியத்தின் மேல் சக்கரம் உருளும்போது உராய்வு பாதியாகக் குறைந்தால், 40லேயே நிற்க 36 மீட்டர் ஆகும். எனவே எங்கும் 40க்கு மேல் இல்லை. தானியம் கண்டால் 20. இந்தப் பக்கத்தை அப்பாவிடம் விளக்கியபோது, “இத்தன வருஷமா மீன் பெட்டியோட ஓட்டறேன், இந்தக் கணக்கு யாரும் சொல்லலியே” என்றார். பெட்டியின் எடையையும் சேர்த்துப் போடச் சொன்னார். பிரேக் பிடிக்கும் விசை மாறாது என்று கொண்டு 40 கிலோ சேர்த்துப் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் பு.முட்லூர்ப் பக்கம் போனால் மெதுவாகப் போகிறாராம். உண்மையா என்று யார் கண்டது!

பார்க்கப்போகும் இடங்களைப் பற்றியும் முன்கூட்டியே படித்துவைத்தேன். கடலூரிலேயே தொடங்கலாம். 1690இல் ஆங்கிலக் கம்பெனி புனித டேவிட் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தொலைவு வரை உள்ள நிலமும் சேர்த்து விலை பேசப்பட்டது. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்களில் அந்த அளவை இன்றும் நிற்கிறது. எறிபொருளின் வீச்சு 45 பாகைக் கோணத்தில் மிக அதிகம் என்று நாம் தேர்வில் நிறுவுகிறோம். ஊரையே அந்தச் சூத்திரத்தால் அளந்திருக்கிறார்கள், தோழர்களே! பரங்கிப்பேட்டைப் போர்க்களத்துக்கு ஒரு விலகல் போட்டிருந்தேன். நேரம் போதாமையால் வருத்தத்தோடு நீக்கினேன்.

பிச்சாவரம் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையில் உள்ளது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுரபுன்னை தாங்கு வேர்களை ஊன்றி நிற்கும். வெண்கண்டலோ சேற்றுக்கு மேலே மூச்சு வேர்களை நீட்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த தில்லை மரமும் அங்கேதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் கிளையை ஒடிக்கக் கூடாது. 2004 ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர் எழுதினர். ஊர் இருக்கும் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே காரணம் என்று மறுத்தோரும் உண்டு. நான் போய் நின்று பார்த்துவிட்டு ஒரு கட்சியில் சேர எண்ணம். இங்கே தனிப் பயணத்தின் ஒரு சங்கடம்: நாலு பேராகப் போனால் படகுக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், தனி ஆளுக்கு அது முடியாது. கரையில் காத்திருந்து வேறு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டும்.

வீராணம், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்டது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே தண்ணீர் வருகிறது. 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் போகிறது. ஜூன் தொடக்கத்தில் ஏரி நிறைந்திருக்காது என்று தெரிந்தேதான் போகிறேன். வண்டி நிற்கும் மாதத்தில்தானே போக முடியும்! வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் எரிகிறது. வருவோர் யாரென்று கேளாமல் சோறு இடும் இடம். அன்றைய காலை உணவுச் செலவு என்ற கட்டத்தில் சுழியம் எழுதினேன்.

மருந்து, கருவி, தாள்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டிப் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, தலைக்கவசம், ஸ்பார்க் பிளக் ஒன்று, மூன்று லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசல். எண்கள் 112, 108, மகளிர்க்கு 181.

எல்லாவற்றையும் எழுதி முடித்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, “அம்மாகிட்ட காட்டு” என்றார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். ஆகவே ஒரு பெரிய தாளில் வழியைப் படமாக வரைந்தேன். சிதம்பரத்துக்குக் கோபுரம், பிச்சாவரத்துக்குப் படகு, வீராணத்துக்கு நீண்ட நீல வரி, வடலூருக்குச் சுடர். பக்கத்தில் மணிகளை எண்ணால் குறித்தேன்.

அம்மா நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு நீல வரியின் மேல் விரலை வைத்து, “இங்க நான் நாத்து நட வந்திருக்கேன். உன் வயசுல” என்றார்கள். எனக்கு இது தெரியவே தெரியாது. நடவுக் கூட்டத்தோடு காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒவ்வோர் ஆண்டும் போய், வாரக்கணக்கில் தங்கி, ஊர் ஊராக நடந்தவர்களாம். லால்பேட்டை தாண்டி எங்கே புளியமரம் நிழல் தரும், எந்தக் கோயிலில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எங்கே நிறுத்தக் கூடாது, பெண்பிள்ளைகள் ஒதுங்க எங்கே இடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னதை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. கைப்பேசி வரைபடமும் காட்டவில்லை. என் தாளில் அதற்கென்று ஒரு குறியும் இல்லாதிருந்தது. இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் மரங்கள் இருக்கின்றனவா என்று அத்தையிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தோம். இரண்டு மரங்கள் சாலை விரிவுக்குப் போய்விட்டனவாம். மற்றவை இருக்கின்றன.

அம்மா ஒரே ஒரு விதியைச் சேர்த்தார்கள். தாளில் படம் உள்ள ஒவ்வோர் இடத்திலும் ஒரு முறை மணியடித்து நிறுத்திவிட வேண்டும். எடுக்க மாட்டார்கள், காசு வீண். குறித்த மணிக்கு அரைமணி தாண்டியும் மணியடிக்காவிட்டால் அத்தை வீட்டு மாமா கிளம்பிவிடுவார். இரு முறை அடித்தால், வண்டிதான் பழுது, நான் நலம் என்று பொருள்.

அப்பா தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். அம்மா கோபுரப் படத்தின் பக்கத்தில் கட்டைவிரலை மைதொட்டு வைத்தார்கள்.

இனி மிச்சம் ஓட்டுநர் உரிமம். பயிற்சி உரிமம் வாங்கி முப்பது நாள் ஆகிறது. வரும் செவ்வாய்க்கிழமை தேர்வு. எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். மாலைதோறும் ஊர்க்கோயில் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அப்பா நிற்க, ஓட்டிப் பழகுகிறேன். வலப்பக்க வளைவு சரியாக வருகிறது. இடப்பக்கம் திரும்பும்போது இன்னும் காலை ஊன்றிவிடுகிறேன்.