எழுத்தும் உடன்பாடும்

மதுரை மாநகருக்கு வடகிழக்கே, வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் அப்பால், மாங்குளம் என்னும் ஊர் உளது. அதனை அடுத்த குன்றின் குகைகளில் சமணத் துறவியர் வாழ்ந்த கற்படுக்கைகள் உள்ளன. அவற்றின் அருகே, ஏறத்தாழ 2,200 ஆண்டுகட்கு முன்னர் எழுத்துகள் பாறையில் வெட்டப்பட்டன. நெடுஞ்செழியன் என்னும் வேந்தன் பெயரும் அவற்றுள் காணப்படுகின்றது. 1882-இல் கண்டறியப்பட்ட அவ்வெழுத்துகளைப் படித்துப் பொருள் காண்பது அறிஞர்க்கு அரிதாயிருந்தது. காரணம் யாது?

க் என்னும் மெய்க்கும், க என்னும் குறிலுக்கும், கா என்னும் நெடிலுக்கும் அக்காலத்தில் வெவ்வேறு வடிவம் உறுதிப்படவில்லை. 'மகன்' என்னும் சொல்லை, இன்றைய வழக்கின்படி படித்தால் 'மாகான' என ஒலிக்குமாறு எழுதினர். எழுதியவர் காலத்தார் பொருள் உணர்ந்தனர், பின்வந்தோர் மயங்கினர். அம்மொழி தமிழே என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். அவ்வெழுத்துமுறையைப் பின்னர் ஐராவதம் மகாதேவன் விரிவாக விளக்கினார்.

மெய்யெழுத்தின்மீது புள்ளியிடும் நெறி தோன்றியபின் இம்மயக்கம் நீங்கலாயிற்று. தொல்காப்பியமும் அந்நெறியை எடுத்துரைக்கின்றது. புள்ளி மிகச் சிறியதே; ஆயினும் எல்லாரும் உடன்பட்டு அதனை ஆண்டமையால் அது மொழிக்குக் காவலாய் அமைந்தது.

இதனையொத்த மயக்கம் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் தோன்றியது. கணினி எண்ணையே அறியும், எழுத்தை அறியாது. ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். தமிழ் எழுத்துருக்களை ஆக்கியோர் தத்தம் விருப்பப்படி எண்களை வகுத்தனர். ஒருவர் 'அம்மா' என எழுதி அனுப்பினால், அவ்வெழுத்துரு இல்லாத மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றின.

இந்நிலையில், 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நன்னாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, இணையத்தின் வாயிலாக எவர்க்கும் விலையின்றி வழங்குவதே அதன் நோக்கமாகும். முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்து நாட்டிலிருந்து அப்பணியை ஒருங்கிணைத்தார். பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது உழைத்தனர். சங்கம் வளர்த்த நகரின் பெயரே அத்திட்டத்திற்குச் சூட்டப்பட்டது. தலைப்பையும் பத்தியையும் பிரித்துக் காட்ட இணையத்திற்குரிய பொதுக் குறிமொழி இருந்தது. தமிழ் எழுத்துக்கோ பொதுவான எண்முறை இல்லை.

அக்குறையைப் போக்க, பல நாட்டுத் தமிழர் கலந்தாய்ந்து 'திஸ்கி' என்னும் முறையை வகுத்தனர். அதில் 256 இடங்களுள் முற்பாதி ஆங்கிலத்திற்கும் பிற்பாதி தமிழுக்கும் உரியவை. மதுரைத் திட்டத்து நூல்கள் அம்முறையில் வெளிவந்தன. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் வேறு முறைகளை ஏற்றது. ஒன்றாக இருக்கவேண்டிய நெறி இவ்வாறு பலவாயிற்று.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வகுக்கும் ஒருங்குறியே இச்சிக்கலுக்குத் தீர்வாயிற்று. அதில் க என்னும் எழுத்தின் எண் 2965. புள்ளியின் எண் 3021. இரண்டும் அடுத்தடுத்து நின்றால் க் தோன்றும். பண்டைய மயக்கத்தைத் தீர்த்த புள்ளி இங்கும் தன் கடமையைச் செய்கின்றது. உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனி எண் இல்லையே எனக் குறை கூறினோரும் உளர். எனினும், மதுரைத் திட்டத்தார் தாம் பழகிய முறையை விடுத்து, ஒருங்குறிக்கு மாறினர். முன்னர் வெளியிட்ட நூல்களையும் மாற்றி அமைத்தனர். 2010-இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது.

பொது நெறிக்கு வாராத பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்டவை, அவ்வெழுத்துருக்கள் இல்லாதவிடத்து இன்றும் படிக்க இயலாதனவாய்க் கிடக்கின்றன. கல்லில் வெட்டினும் கணினியில் பதிப்பினும், எழுதுவோரும் படிப்போரும் ஒரே நெறிக்கு உடன்பட்டாலன்றி எழுத்து பயன்படாது. அவ்வுடன்பாட்டிற்காகத் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்தோரும் நூலைக் காத்தோரேயாவர்.